கடைசிப் பந்தி

சன்மார்க்க சபைக்குள் நுழைந்த பிறகுதான் நாச்சிமுத்துவுக்குச் செருப்பு ஞாபகம் வந்தது. திரும்பிப் போய்க் கழற்றிப் போட்டுவிட்டு வந்தார். அவ்வளவு கோபம்.

மரகதம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நாச்சிமுத்துவைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆனாலும் எட்டு வருஷமாக அவருக்குக் குரு இந்த அம்மாதான். பம்புசெட் கடை வைத்திருக்கும் நாச்சிமுத்து, வீட்டில் எடுபடாத பேச்சையெல்லாம் இங்கே கொண்டுவந்து கொட்டுவார். அம்மா கேட்டுக்கொண்டிருப்பார். குருவாக இருப்பதில் பாதி வேலை அதுதான்.

"அம்மா, ஒரு வரம் வேணுமுங்க."

"சொல்லுங்க."

"ஞாயித்துக்கெழம பூபதிக்குக் காச்சல் வரோணும்."

கீரை ஆய்ந்த கை நிற்கவில்லை.

"எவ்வளவு காச்சல்?"

"பந்து போட முடியாத அளவுக்குப் போதுமுங்க. மத்தபடி நல்லா இருக்கட்டும்."

பூபதி தறிப்பட்டறையில் வேலை செய்யும் பையன். வாய்க்கால்மேடு கிரிக்கெட் அணிக்குக் கடைசி ஓவர் போடுகிறவன். நாச்சிமுத்து அந்த அணிக்காக ஒரு நாளும் ஆடியதில்லை. இருபது வருஷமாகக் கத்தியிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அணியில் எல்லாரும் அவர் பேச்சைக் கேட்பார்கள். ஆடத் தெரியாதவர் சொல்லுக்கு நம் ஊரில் எப்போதுமே மரியாதை அதிகம்.

"மொத பத்தொம்பது ஓவரு நம்ம பசங்க சிங்கமாட்டப் போடறாங்க. கடைசியில இவங்கிட்டப் பந்தக் குடுத்தா, வெண்ணெ தெரண்டு வரப்பத் தாழிய ஒடைக்கறான். போன வாரம் அவங்களுக்கு வேண்டியது ஆறு பந்துல பதினோரு ரன்னுங்க. அதத் தடுக்க முடியாதுங்களா? ரெண்டு ஃபுல்டாஸ், ஒரு வைடு. முடிஞ்சுது. இந்த வருசத்துல இது மூணாவது தடவ. எப்படியோ முட்டி மோதி ஃபைனலுக்கு வந்துட்டோம். அங்கயும் இவனே போட்டா வெளங்குமா?"

"போன வாரம் நீங்க என்ன பண்ணுனீங்க?"

"நானென்னங்க பண்றது? வஞ்சேன்."

"என்னன்னு?"

நாச்சிமுத்து ஒரு கீரைத்தண்டை எடுத்து ஒடித்தார். அன்று அவர் வைதது மைதானம் முழுக்கக் கேட்டிருந்தது. வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்த பூபதியின் அம்மாவுக்கும் கேட்டிருந்தது.

"வெள்ளிக்கெழம ஆறு மணிக்குக் கூட்டமுங்க. அவன எடுத்துட்டு வேற ஆளப் போடச் சொல்லப் போறேன். நாஞ் சொன்னா மறுபேச்சு இல்ல. ஆனா மனசு ஒடைஞ்சு அவன் பந்தையே தொடாமப் போயிருவானோன்னு ஒரு பயம். காச்சல் வந்துட்டா யாருக்கும் பொல்லாப்பு இல்லீங்களே."

மரகதம்மா தண்டுகளை ஒதுக்கிவிட்டு எழுந்தார்.

"வெள்ளிக்கெழம பௌர்ணமி. இங்க அன்னதானம். பரிமாற வாங்க. இங்கிருந்தே கூட்டத்துக்குப் போயிக்கலாம்."

"வரமுங்க?"

"சாப்பாடு முடியட்டும்."

வெள்ளிக்கிழமை நான்கு பந்தி. நாச்சிமுத்துவுக்கு நான்காவது. அதுவரை பின்கட்டில் இலை கழுவச் சொன்னார்கள்.

முதல் பந்தியில் வாளி தூக்கியவர் ஜவுளிக்கடைச் சண்முகம். கேட்டவருக்கு ரெண்டு வடை, கேட்காதவருக்கும் ரெண்டு வடை. பாயசத்தை வழிய வழிய ஊற்றினார். "சம்முகத்துக்குக் கை தாராளம்" என்று சாப்பிட்டவர்கள் வாயார வாழ்த்திவிட்டுப் போனார்கள். பந்திக்கு முந்து என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? அடுத்த இரண்டு பந்தியும் அதே தாராளத்தில் நடந்தது.

இரண்டரை மணிக்கு வாளி நாச்சிமுத்துவின் கைக்கு வந்தது. உள்ளே பார்த்தார். நான்கு விரல் உயரத்துக்குப் பாயசம். வெளியே எண்பது இலை.

முதல் வரிசையில் அரைக் கரண்டி ஊற்றினார். இரண்டாம் வரிசையில் அது கால் கரண்டியாயிற்று.

"ஏனுங்க, பாயசம் ஊத்தறீங்களா, பொட்டு வெக்கறீங்களா?" என்றார் ஒருவர்.

வரிசை முழுக்கச் சிரித்தது. "இந்தாள யாரு வாளி தூக்கச் சொன்னது? மொதப் பந்தியில சம்முகம் எப்படிப் போட்டானாமா!" என்றது இன்னொரு குரல். "குடுக்கறதுக்கு மனசு வேணுமல்லோ" என்றாள் ஒரு அம்மாள், அவர் காதில் விழும்படியாகவே.

நாச்சிமுத்துவுக்குக் கண் எரிந்தது. சீக்கிரம் முடித்துவிட்டால் போதும் என்று அவசர அவசரமாக ஊற்றினார். ஒரு கரண்டி இலையைத் தாண்டி ஒருவர் வேட்டியில் விழுந்தது. அதற்கும் சேர்த்து வாங்கிக்கட்டிக்கொண்டார்.

கடைசி வரிசைக் கோடியில் இரண்டு இலை பாக்கி. ஒன்றில் ஒரு கிழவர். அவருக்கு முந்திய இலையில், ஷிப்ட் முடிந்து வந்த பூபதி. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

நாச்சிமுத்து அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கரண்டி வாளியின் அடியைச் சுரண்டியது.

பூபதி எட்டி வாளிக்குள் பார்த்தான். இலைமேல் இரண்டு கையையும் விரித்து மறைத்தான்.

"எனக்கு வேண்டாமுங்ணா. அவருக்கு ஊத்துங்க."

"இல்ல, தம்பி..."

"சோறு, ரசமெல்லாம் நல்லாருக்குதுங்ணா. இதே போதும்." பிறகு யாருக்கும் கேட்காமல் சொன்னான்: "கை நடுங்குதுங்ணா. வாளிய அந்தக் கைக்கு மாத்திக்குங்க. ஒரு மூச்சு நின்னுட்டு ஊத்துங்க, செரியாயிரும்."

நாச்சிமுத்து வாளியை மாற்றினார். ஒரு மூச்சு நின்றார். கிழவரின் இலையில் அரைக் கரண்டிப் பாயசம் சிந்தாமல் விழுந்தது.

சாயங்காலம் நாச்சிமுத்து வாய்க்கால் படியில் உட்கார்ந்து வாளி கழுவிக்கொண்டிருந்தார். மரகதம்மா வந்து மேல்படியில் உட்கார்ந்தார்.

"ரொம்பப் பேசிட்டாங்களாமா?"

"அதெப்படிங்கம்மா! மூணு பந்தியில வாரி எறைச்சவங்களுக்கெல்லாம் நல்ல பேரு. காலி வாளியக் கொண்டாந்து எங் கையில குடுத்துப்போட்டு என்னைய..."

வாளி எப்போதோ சுத்தமாகிவிட்டது. ஆனாலும் தேய்த்தார்.

"அடுத்த பௌர்ணமிக்குக் கடைசிப் பந்திக்கு ஆள் மாத்தணும். சம்முகத்தப் போட்டரலாமா?"

"வேண்டாமுங்க." சட்டென்று சொன்னார். "என்னையவே போடுங்க."

"இன்னிக்கு உங்களுக்கு வரலியே."

"அதானுங்க. இன்னொருக்கா குடுங்க. எந்த எலையில கை தப்புச்சுன்னு எனக்குத் தெரியும். சம்முகத்துக்குத் தெரியாதுங்க."

சொல்லி முடித்ததும் நாச்சிமுத்துவின் கை நின்றது. தன் குரலைத் தானே கேட்டவர்போல் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மரகதம்மா இறங்கி வந்து வாளியை வாங்கிக்கொண்டார்.

"சரி, உங்களுக்கே. கெளம்புங்க. ஆறு மணியாகப் போவுது, கூட்டத்துல உங்க வார்த்தைக்காகக் காத்திருப்பாங்க."