முழுப் பூசணியும் ஆயிரம் பொன் கத்தியும்

மூன்று நாளாக அரண்மனையில் ஒரு வெங்காயம்கூட நறுக்கவில்லை. கோளாறு அதுதான்.

முன்னொரு காலத்தில் மணலூரை வீரமுடி ராஜா ஆண்டார். நல்ல மனுஷர். புதுச் சாமானைக் கண்டால் மட்டும் புத்தி கிறுகிறுத்துவிடும். அவருடைய மந்திரியான தானாபதி தில்லைவனம் அவருக்கு ஆயிரம் பொன்னில் ஒரு மடக்குக் கத்தி வாங்கி வந்தார். தந்தப் பிடி, மாணிக்கக் கல்.

"இனி அரண்மனைக்கு இந்த ஒரு கத்திதான். மட்டச் சாமானெல்லாம் நமக்கு அவமானம்," என்று மடைப்பள்ளியின் கத்தி, அரிவாள்மனை அத்தனையையும் கிடங்கில் போட்டுப் பூட்டினார் தானாபதி. புதுக் கத்தியோ யார் கையும் படாமல் பட்டில் கிடந்தது. ராஜா தன்னைவிடச் சமையற்காரி பேச்சியம்மையைப் புகழ்வது அவருக்கு வெகுநாளாகப் பொறுக்கவில்லை. அவள் இருபது வருஷமாக இடுப்பில் செருகியிருந்த, இரண்டு பணம் விலையுள்ள கத்தியும் உள்ளே போயிற்று.

அவளுக்குக் கை ஒடிந்தது போலிருந்தது. எல்லாவற்றையும் முழுசாகவே சமைத்தாள். மூன்றாம் நாள் ராஜாவின் இலையில் சோற்றுக்கு நடுவே ஒரு பூசணிக்காய் உட்கார்ந்திருந்தது.

"என்னம்மா இது?"

"மறைக்கத்தான் பார்த்தேன் மகாராஜா. சோறு பத்தவில்லை."

சபை குலுங்கியது. "திமிர். ஊரைவிட்டே துரத்துங்கள்," என்றார் தானாபதி.

சமையற்காரி ஒரு பலாப்பழத்தைக் கொண்டுவந்து வைத்தாள். "இந்தப் பலாப்பழத்தை உங்கள் கத்தியால் அறுங்கள் ஐயா, நானே போகிறேன். முடியாவிட்டால் என் கத்தியைக் கொடுங்கள்."

"நியாயம்," என்றார் ராஜா.

வருக்கைப் பலா. வாசனை கூரையைத் தூக்கியது. தானாபதி கத்தியை விரித்துப் பழத்தில் வைத்தார். பால் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. கையை இழுத்துக்கொண்டார்.

"பிசின் கல்லில் ஒட்டுமோ?"

"ஒட்டும்," என்றாள் சமையற்காரி.

"எண்ணெய் தடவினால்?"

"தந்தம் மஞ்சளாகும்."

"நாளைக்கு நல்ல நேரம் பார்த்து..."

"கொடும் இங்கே," என்று ராஜா பிடுங்கினார். பழத்தைப் பார்த்தார். மாணிக்கத்தைப் பார்த்தார். கத்தியை மெல்லப் பட்டில் வைத்தார். எழுந்தார். ஓடினார். கிடங்குப் பூட்டை உடைத்து, இரண்டு பணக் கத்தியோடு திரும்பி ஓடி வந்தார். சரக். வாயெல்லாம் சுளை, மீசையெல்லாம் பிசின்.

"தில்லைவனம், அருமையான கத்தி அது. எடுக்கத்தான் மனசு வரவில்லை. நீரே வைத்துக்கொள்ளும். நாளை முதல் அதோடு மடைப்பள்ளிக்கு வாரும், வெங்காயம் நிறையக் கிடக்கிறது."

தன் முத்துமாலையைக் கழற்றிச் சமையற்காரியின் கையில் வைத்தார். அவள் அதை ஓரமாக வைத்துவிட்டு முதலில் தன் கத்தியைத் துடைத்தாள். பிறகு எண்ணெய் எடுத்து ராஜாவின் மீசையைத் துடைத்தாள்.

நாலாம் நாள் அரண்மனையில் வெங்காயம் நறுக்கினார்கள். கண்ணீரோடு நறுக்கியவர் தானாபதி. நறுக்க வைத்தவள் பேச்சியம்மை.