பூசணி அளவு கல்

இந்தக் கதையின் கடைசியில் ஒருவர் சிரிக்கப் போகிறார். இப்போதே பல்லைக் காட்டாதீர்கள். முதலில் மலை ஏற வேண்டும்.

எங்கள் எரிமலை தூங்கி நெடுங்காலம் ஆகிறது. அங்கிருந்து ஒரு பூவோ கல்லோ கீழே போகக்கூடாது. வாசலில் காவல் இருப்பவர் என் குரு மாதங்கியம்மா. சிஷ்யை நான். எல்லார் குரலிலும் பேசுவதால் பெயர் கிளி.

ஒரு காலை ஆராவமுதன் என்பவர் வந்தார். கையில் தேங்காய் அளவு கருங்கல்.

"ஒன்பது வருஷத்துக்கு முன்னே உச்சியிலே திருடினேன், அம்மா. வீட்டு மேசையிலே வெச்சேன். அன்னியிலிருந்து தூக்கமில்லை, சிரிப்பில்லை. இந்தப் பாரத்தை எப்படி இறக்குறது?"

"ஏத்துங்க," என்றார் குரு.

"எங்கே?"

குரு உச்சியைக் காட்டினார்.

மூவரும் கிளம்பினோம். முந்தின நாள், தொப்பைதான் என்று சாதித்த ஒருவரின் சட்டைக்குள் பிடிபட்ட கல் வாசலில் கிடந்தது. பூசணி அளவு. துண்டால் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டேன்.

"துண்டு எதுக்கு, பாப்பா?"

"கல்லுக்குக் குளிரும், ஐயா."

ஊசியிலைக் காடு முடிவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. நான் பனிக்கோழி மாதிரி கூவிக்கொண்டு முன்னால் ஓடினேன். அவர் முனகலையும் ஒருமுறை முனகிப் பார்த்தேன். எதிர்ச்சரிவு அதை இரண்டுமுறை முனகியது.

"பாப்பா, நில்லு! அவ்வளவு பெரிய கல்லோட எப்படி ஓடறே? உள்ளே என்னதான் இருக்கு?"

"உள்ளே ஒண்ணுமில்லை, ஐயா."

அவர் கண்ணை மூடித் தலையாட்டினார். "ஆஹா. ஒண்ணுமில்லை!"

பனித்திட்டு தாண்டியதும் குருவிடம் போனார்.

"பதினஞ்சு வயசு. அதுக்குள்ளே இந்த நிலையா? நிஜமாவே உள்ளே ஒண்ணுமில்லையா, அம்மா?"

குரு என் துண்டைப் பார்த்தார். உதடு துடித்தது.

"நிஜமாவே."

அவர் கண்ணில் நீர் தளும்பியது. எனக்கு வயிறு வலித்தது. ஆனாலும் சிரிக்கவில்லை. இன்னும் உச்சியிலுள்ள ஏரி வரவில்லையே.

வந்தது. எரிமலையின் வாய் நிறையப் பச்சைத் தண்ணீர். கந்தக வாசனை. கரையில் நகம் அளவு நீலப் பூக்கள்.

"போடுங்க," என்றார் குரு.

குபுக். மூழ்கியது.

அவர் நெஞ்சைத் தடவிப் பார்த்தார்.

"கல்லு போச்சு, அம்மா. கனம் போகலையே."

குரு என்னைப் பார்த்து முகவாயை அசைத்தார்.

துண்டை உருவினேன். வீசினேன்.

குபுக் இல்லை.

கல் மிதந்தது. வாத்து மாதிரி ஒரு சுற்று சுற்றி, அவர் காலடிக்கே வந்து நின்றது. உடம்பெல்லாம் ஓட்டை; எரிமலை நுரை உறைந்த கல்.

குனிந்தார். ஒற்றைக் கையால் தூக்கினார். கல்லைப் பார்த்தார். குருவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

அவர் குரலிலேயே சொன்னேன்: "ஆஹா. ஒண்ணுமில்லை!"

"அடி கழுதை!"

அவர் தோள் சிரிப்பில் குலுங்கத் தொடங்கியது.

"உள்ளே... உள்ளே ஒண்ணுமே இல்லை!"