சங்குப்பூவுக்கு வந்த வழக்கு

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்டு என்னை மடக்காதீர்கள், ஒரு ராஜா தாமரைப் பூவைக் காம்போடு பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே அழகு! உடனே, "இனி நம் அரண்மனையில் எதுவானாலும் எத்திசையிலிருந்து பார்த்தாலும் ஒன்றுபோல இருக்க வேண்டும்" என்று ஆணையிட்டார்.

விகடகவி மாசிலாமணியைக் கவிழ்க்கச் சமயம் பார்த்திருந்த ஆஸ்தான பண்டிதர் அனந்தபட்டருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"பிரபு, நந்தவனத்தில் மாசிலாமணி வளர்க்கும் சங்குப்பூவைப் பார்த்தீர்களா? ஓர் இதழ் முறம்போல விரிய, மற்றவை அதன்மேல் சுருண்டு கிடக்கின்றன. கோணல் பூ! வளர்த்தவரே அதைச் சீர்செய்யட்டும். இல்லையேல் பூவோடு அவரும் நாட்டைவிட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும். நாளை சபை கலைவதற்குள் செய்ய வேண்டும்" என்றார் ராஜா.

மாசிலாமணிக்குக் கவலை பிடித்தது. வேறு நாட்டில் தன் விகடத்துக்கு யார் சிரிப்பார்கள்? அவர் நந்தவனத்தில் போய் உட்கார்ந்து, ஓர் இளமொட்டை நகத்தால் பிரித்தார். உள்ளே ஐந்து இதழ்களும் பொடிப்பொடியாக, ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. சற்று முதிர்ந்த மொட்டில் ஒன்று மட்டும் மற்றவற்றை முந்தி அகன்றிருந்தது. 'பிறக்கும்போது இல்லாத கோணல் வளரும்போது ஏன் வருகிறது?' என்று யோசித்தார். அப்போது ஒரு வண்டு வந்து, மலர்ந்த பூவின் பெரிய இதழில் இறங்கி, தயங்காமல் உள்ளே நுழைந்தது. வெளியே வந்தபோது அதன் முதுகில் மகரந்தம் ஒட்டியிருந்தது. மாசிலாமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நேரே ராஜாவிடம் போனார். "பிரபு, அரசன் எவ்வழி, பூவும் அவ்வழி. முதலில் சபையைத் தாமரைபோல் அமைக்க உத்தரவு தாருங்கள்."

ராஜாவும் மகிழ்ந்து இசைந்தார்.

மறுநாள் நட்டநடுவே சிம்மாசனம், சுற்றிலும் வட்டமாகச் சபையோர். அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அரசரின் முதுகை எவரும் பார்க்கலாகாது. பார்க்க நேர்ந்தால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஆகவே பின்னால் இருந்த பாதிச் சபை கண்ணை மூடிக்கொண்டது. ராஜா திரும்பினார். மூடியவர்கள் விழிக்க, விழித்தவர்கள் மூடினார்கள். சேவகன் தாம்பூலத் தட்டை நீட்ட, கண்ணை மூடியிருந்த பண்டிதர், தட்டு என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவரின் தலைப்பாகையைத் தடவினார்.

அந்த நேரம் பார்த்து, கொண்டையன் என்ற குடியானவன் முறையிட வந்தான். எங்கே நிற்பது என்று தெரியாமல் சிம்மாசனத்தின் பின்னால் நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"மகாராசா! மேல்மடைக்காரன் வாய்க்கால அடைச்சுட்டான். பயிரெல்லாம் கருகுதுங்க!"

"யார் பேசுவது? எந்தப் பக்கம்?" என்று திரும்பித் திரும்பி ராஜாவுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. "மாசிலாமணி, இது என்ன சபை? பேசுகிறவன் முகம் எனக்குத் தெரியவில்லையே!"

"பிரபு, தாமரை வானம் பார்த்து மலர்வது. எப்பக்கம் வந்தாலும் வண்டுக்கு வழி உண்டு. ஆகவே அதற்கு அந்த அழகு பொருந்தும். சங்குப்பூ பக்கவாட்டில் மலர்வது. வருகிற விருந்தாளிக்கு ஓர் இதழைப் பாயாக விரித்து, 'இதுதான் வாசல், வா' என்கிறது. அது கோணல் அல்ல, பிரபு, முகம். எல்லாப் பக்கமும் ஒன்றாகிவிட்டால் முகம் ஏது?"

"அதுவும் சரிதான்" என்று ராஜா கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"ஆனாலும் ஆணை ஆணைதானே, பிரபு!" என்றது பின்னாலிருந்து பண்டிதர் குரல்.

"பண்டிதர் முதலில் கண்ணைத் திறந்துகொண்டு சொல்லட்டும்" என்றார் மாசிலாமணி.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆணையை அப்போதே திரும்பப் பெற்று, தம் முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணிக்கு அணிவித்தார். சிம்மாசனத்தை வாசல் பார்த்துப் போடச் செய்து, கொண்டையனை முன்னே அழைத்தார்.

"இப்போது சொல், அப்பா."

கொண்டையன் கண்ணைத் திறந்தான். "இம்புட்டு நேரமும் அதத்தானுங்க சொன்னேன். கேக்கலீங்களா, மகாராசா?"

ராஜாவின் சிரிப்பு அடங்கியது. "குரல் கேட்டது. உன்னைப் பார்க்கத்தான் எனக்கு முகம் இல்லாமல் போயிற்று" என்றார்.