அமைச்சர் மாளிகைக்கு வந்த சேவல் விருந்தாளி

முன்னொரு காலத்தில், கோழிக்குக் கதவு சாத்தாத ஒரு ராஜ்யம் இருந்தது. அந்நாட்டு மன்னருக்குக் கோழி என்றால் உயிர். பட்டம் ஏறிய அன்றே, "என் கோழிகளை எவரும் அடைக்கக் கூடாது, விரட்டக் கூடாது. விரும்பிய இடத்தில் மேயட்டும், விரும்பிய இடத்தில் உறங்கட்டும்" என்று பறையறைவித்தார். கொலுமண்டபத்தின் குறுக்கே ஒரு கோழி போனால், அது போய்ச் சேரும்வரை வழக்கு காத்திருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் அரண்மனையின் கிழட்டுச் சேவலை நரி கொண்டுபோய்விட்டது. செய்தி கேட்ட மன்னரின் மாமனார், பக்கத்து நாட்டரசர், தம் நாட்டுச் சேவல் ஒன்றைப் பல்லக்கில் ஏற்றி அனுப்பினார். செக்கச்செவேலென்ற கொண்டை, வில்லாக வளைந்த வால். மன்னருக்குத் தலைகால் புரியவில்லை. சபையையே தோட்டத்துக்கு அழைத்துவந்து, சேவலைத் தம் கையாலேயே கோழிகளுக்கு நடுவில் இறக்கிவிட்டார்.

கோழிகள் ஒன்றுசேர்ந்து பாய்ந்தன. கொத்திய கொத்தில் இறகு பறந்தது. சேவல் அலறிக்கொண்டு எழும்பி மன்னரின் கிரீடத்தில் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்ததோடு விட்டதா, பயத்தில் எச்சமும் இட்டது. சபை அதிர்ந்து நின்றது. மாமனார் வீட்டுப் பல்லக்குக்காரர்கள் திறந்த வாயை மூடவில்லை.

அமைச்சர் தாண்டவராயரும் முதலில் பதறித்தான் போனார். பிறகு அவர் கண் விகடகவி வெள்ளியம்பலத்தின் மேல் விழுந்தது. தாம் பத்து வார்த்தை சொன்னால் தலையாட்டும் மன்னர், இந்த ஆள் ஒரு வார்த்தை சொன்னால் வயிறு குலுங்கச் சிரிக்கிறாரே என்று அவருக்கு நெடுநாள் எரிச்சல்.

"அரசே, பௌர்ணமிக்குத் தங்கள் மாமனார் வருகிறார். அதற்குள் சேவலையும் கோழிகளையும் விகடகவி இணக்கிவைக்கட்டும். இயலாவிட்டால் மொட்டையடித்து, கழுதைமேல் ஏற்றி, நாட்டைவிட்டே அனுப்பிவிடலாம்" என்றார்.

கிரீடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மன்னர் கோபத்தில், "அப்படியே ஆகட்டும்" என்றுவிட்டார்.

வெள்ளியம்பலத்தின் முகம் வெளுத்தது. "அரசே, புதுச் சேவலைச் சில நாள் பஞ்சாரத்தில் கவிழ்த்துவைப்பது ஊர் வழக்கம். மூங்கில் இடுக்கு வழியே ஒன்றையொன்று பார்த்துப் பழகிவிடும்" என்றார்.

"மாமனார் அனுப்பிய சீரைக் கூடையில் சிறைவைப்பதா? மாமனாரையே சிறைவைத்தது போலாகாதா?" என்று அமைச்சர் காதில் கைவைத்துக்கொண்டார்.

"உண்மை. பஞ்சாரமும் கூடாது, சிறையும் கூடாது. அரச விருந்தாளிக்குரிய மரியாதையோடு அது தங்கட்டும்" என்றார் மன்னர்.

"அரச விருந்தாளிக்குரிய மரியாதையோடு. உத்தரவு, அரசே" என்று வணங்கினார் வெள்ளியம்பலம்.

அன்று மாலை தாண்டவராயர், கழுதைக்குச் சொல்லிவைக்கலாமா என்று யோசித்தபடி வீடு திரும்பினார். வாசலிலேயே மனைவி செண்பகவல்லி நின்றிருந்தாள்.

"என்னங்க, அந்தச் சேவலக் கொண்டாந்து நம்ம கூடத்துல விட்டுட்டாங்க. அது உங்க கட்டில்ல ஏறி உக்காந்திருக்கு. எறங்குன்னா கொத்த வருது."

அமைச்சர் கூடத்தை எட்டிப் பார்த்தார். போட்டது போட்டபடி அரண்மனைக்கு ஓடி மன்னரிடம் முறையிட்டார்.

"அரச விருந்தாளிகள் எப்போதும் அமைச்சர் மாளிகையில்தானே தங்குகிறார்கள், அரசே. போன ஆண்டு வந்த தூதர்களும் அங்கேதான் தங்கினார்கள்" என்றார் வெள்ளியம்பலம்.

"அரசே, சேவலை என் வீட்டுக்குள் அடைத்திருக்கிறார்."

"தாங்கள் கட்டிக்கொடுத்த மாளிகையை அமைச்சர் சிறை என்கிறாரா, பஞ்சாரம் என்கிறாரா?"

மன்னரின் புருவம் உயர்ந்தது. தாண்டவராயருக்கு வியர்த்துவிட்டது. "மாளிகைதான், அரசே" என்றார் ஈனக்குரலில்.

அமைச்சர் மாளிகையின் மரக்கம்பிச் சாளரங்கள் அரண்மனைத் தோட்டத்தைப் பார்த்தவை. வெள்ளியம்பலம் தினமும் அவற்றின் கீழே கம்பு இறைத்தார். தின்ன வந்த கோழிகள் உள்ளே நடைபோடும் சேவலைப் பார்த்து முதலில் சிலிர்த்தன, பிறகு முறைத்தன, அப்புறம் அதைச் சட்டைசெய்யவே இல்லை. உள்ளேயோ, விடியுமுன்பே அமைச்சரின் தலைமாட்டில் கூவல். சரிகைத் தலைப்பாகையில் எச்சம். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று தாண்டவராயர் நொந்துபோனார். விருந்தாளியை விரட்டினால் ராஜத் துரோகம்.

பௌர்ணமியன்று மாமனார் வந்தார். கோழிகள் கொத்தத்தான் போகின்றன என்ற நம்பிக்கையில், அமைச்சர் தாமே முன்வந்து கதவைத் திறந்துவிட்டார்.

சேவல் இறங்கிவந்தது. ஒரு கோழி நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கிளறத் தொடங்கியது. சேவல் ஒரு கம்பு மணியைக் கண்டு 'கொக் கொக்' என்று அழைக்க, கோழிகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டன. மாமனார் மகிழ்ந்துபோனார். தாண்டவராயர் அடிபட்டவர் போல நின்றார். போகட்டும், பீடை வீட்டைவிட்டுப் போனதே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

பொழுது சாய்ந்தது. சேவல் வானத்தைப் பார்த்தது. கழுத்தைத் திருப்பியது. உறங்கிப் பழகிய இடத்தை நோக்கி, அதாவது அமைச்சர் மாளிகையை நோக்கி நடந்தது. அதன் பின்னால் அரண்மனைக் கோழிகள் அத்தனையும் படியேறின.

உள்ளேயிருந்து செண்பகவல்லியின் அலறல் கேட்டது.

"மருமகனே, உங்கள் நாட்டில் கோழிகள் அமைச்சர் வீட்டிலா உறங்குகின்றன?" என்று மாமனார் திகைத்துக் கேட்டார்.

தாண்டவராயர் மன்னரின் காலில் விழுந்தார். "அரசே, கதவைச் சாத்த மட்டும் உத்தரவு கொடுங்கள்."

"விரும்பிய இடத்தில் உறங்கட்டும் என்பது அரசாணை ஆயிற்றே" என்றார் வெள்ளியம்பலம் பணிவாக.

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று விழுந்தது. முத்துமாலையைக் கழற்றி விகடகவியின் கழுத்தில் போட்டு, "இன்னும் என்ன வேண்டும், கேளும்" என்றார்.

"அந்த மாளிகையில் இடும் முட்டைகள் எனக்கு வேண்டும், அரசே. அமைச்சரே கொண்டுவந்து தந்தால் உடையாமல் வரும்."

மறுநாள் காலை தாண்டவராயர் சபைக்குப் புறப்படத் தலைப்பாகையைத் தேடினார். அதன் நடுவில் ஒரு கறுப்புக் கோழி அசையாமல் உட்கார்ந்திருந்தது. கையை நீட்டினார், கொத்தியது. விரட்டக் கூடாது என்பது ஆணை. அது எழுந்திருக்கும்வரை கைகட்டி நின்றார். பிறகு வெறுந்தலையோடு, கையில் சூடு ஆறாத முட்டையோடு, வெள்ளியம்பலத்தின் வீட்டுக்கு நடந்தார். உப்பரிகையிலிருந்து பார்த்த மன்னர் மறுபடி சிரிக்க ஆரம்பித்தார்.