தோற்கிறவரின் முறை

பிரெமன் நகரத்தில் வீப்கே ஹார்ம்ஸ் என்ற பெண்மணி இருந்தார். மேசைமேல் விரித்து நாலு பேர் உட்கார்ந்து ஆடுகிற பலகை விளையாட்டுகளை உருவாக்குவது அவர் தொழில்.

இளம் வயதில் மருந்துக்கடையில் வேலை பார்த்தார். மாத்திரை வரும் அட்டைப்பெட்டிகளை வெட்டிப் பலகை செய்வார். பாட்டில் மூடிகள்தான் காய்கள். பதினோரு வருடம் அவர் அனுப்பியதையெல்லாம் விளையாட்டுகளை வெளியிடும் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. பன்னிரண்டாம் வருடம் ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பதினேழு விளையாட்டுகள் வெளிவந்துவிட்டன.

அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர் ஒரே ஒருவர்தான். பெயர் டெட்லெஃப் ப்ரூன்ஸ். வீப்கேயைவிடப் பதினாறு வயது மூத்தவர். துறைமுகத்தில் எந்தக் கப்பல் எப்போது வர வேண்டும் என்று அட்டவணை போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நாலு வருடம் உழைத்து ஒரு துறைமுக விளையாட்டைச் செய்திருந்தார். கப்பலைக் கொண்டுவர வேண்டும், கிரேன் வாங்க வேண்டும், சரக்கை இறக்க வேண்டும். அதிகம் இறக்கியவர் ஜெயிப்பார்.

முதல் நாள் அவர் ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். பதிப்பகத்தில் இருந்து வந்தது.

“விதிகளில் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் இதை நாங்கள் வெளியிடப்போவதில்லை. மாற்றி அனுப்பினால் இன்னொரு முறை பார்ப்போம். அதற்கு மேல் பார்க்க மாட்டோம்.”

“குறை இல்லை என்றால் நான் எதை மாற்றுவது?” என்று டெட்லெஃப் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

“வியாழக்கிழமை மதியம் பெட்டியோடு வாருங்கள்” என்றார் வீப்கே.

வியாழக்கிழமை பக்கத்து வீட்டு ஊவேயும் அவர் மனைவி ஆன்ட்யேயும் வந்திருந்தார்கள். ஊவே ரொட்டிக்கடைக்காரர். விடியுமுன் எழுந்து சுடுகிறவர் என்பதால் மதியத்துக்கு மேல் அவருக்கு வேலை இல்லை. நாலு பேரும் உட்கார்ந்தார்கள். இரண்டு மணி நேரம் ஆடினார்கள். டெட்லெஃப் ஜெயித்தார்.

அவர்கள் போனபிறகு வீப்கே கேட்டார்: “என்ன பார்த்தீர்கள்?”

“ஐந்தாவது சுற்றில் என் மூன்று கிரேனும் ஒரே நேரத்தில் வேலை செய்தன. விதிகள் எங்கேயும் இடிக்கவில்லை.”

“ஊவே?”

“அவருக்குப் பதினோரு புள்ளி.”

“புள்ளியை நான் கேட்கவில்லை.”

டெட்லெஃப் யோசித்தார். ஊவே என்ன சட்டை போட்டிருந்தார் என்பதுகூட அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

அடுத்த வியாழன் அதே நாலு பேர். காய்களை அடுக்கும்போது வீப்கே சொன்னார்: “இன்றைக்கு நீங்கள் தோற்க வேண்டும்.”

டெட்லெஃப் அதை வேடிக்கை என்று நினைத்தார். ஆடத் தொடங்கியபிறகுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. கை தானாக நல்ல இடத்துக்கே போனது. அதை இழுத்து இழுத்து மோசமான இடத்தில் வைத்தார். மூன்றாவது சுற்று முடிவதற்குள் அவரிடம் ஒரே ஒரு கப்பல்தான் மிச்சம். கிரேன் இல்லை. வாங்கவும் வழி இல்லை.

ஆட்டம் இன்னும் எண்பது நிமிடம் இருந்தது.

முறை வரும்போது கப்பலை இந்தப் பக்கம் தள்ளினார். மறுபடி வரும்போது அந்தப் பக்கம் தள்ளினார். “உங்கள் முறை” என்று ஆன்ட்யே தலை நிமிராமலே சொன்னார். எதிர்ச்சுவரில் பதித்திருந்த பீங்கான் ஓடுகளை எண்ணினார். இருபத்து நாலு. அவற்றில் ஒன்று கோணல்.

“நான் எழுந்துகொள்ளலாமா?” என்று டெட்லெஃப் கேட்டார்.

“உங்கள் கப்பல் வழியில் நிற்கிறதே. நீங்கள் போனால் எங்கள் ஆட்டம் நின்றுவிடும். நீங்கள் எழுதிய விதிதான்” என்றார் வீப்கே.

டெட்லெஃப் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று வீப்கேயிடம் கேட்டார்:

“போன வாரம் ஊவே இப்படியா உட்கார்ந்திருந்தார்?”

“அவர் ஓடுகளை எண்ணவில்லை. ஒவ்வொரு முறைக்கும் நடுவில் தூங்கினார்” என்றார் வீப்கே.

பத்து நாள் கழித்து டெட்லெஃப் உற்சாகமாக வந்தார். புதிதாக ஒரு விதி எழுதியிருந்தார். கடைசியில் இருப்பவருக்கு ஒவ்வொரு சுற்றிலும் மூன்று புள்ளி இலவசம்.

ஆடினார்கள். இந்த முறை வீப்கே கடைசியில் இருந்தார். டெட்லெஃப் மூன்று புள்ளி வில்லைகளை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

வீப்கே அவற்றைத் தள்ளித் திருப்பிக் கொடுத்தார்.

“ஏன்? இது உங்களுக்குத்தான். சேர்த்துக்கொண்டே வந்தால் எங்களைப் பிடித்துவிடலாம்.”

“சரி. நான் என்ன செய்ய வேண்டும்?”

“நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்.”

“அதைத்தான் போன முறை நீங்கள் எண்பது நிமிடம் செய்தீர்கள்” என்றார் வீப்கே.

டெட்லெஃப் வில்லைகளைப் பையில் போட்டுக்கொண்டார்.

குளிர்காலம் முழுவதும் அவர் வரவில்லை. வீட்டுச் சமையலறை மேசையில் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். பிறகு ஒரு நாள் பழைய துறைமுகத்துக்குப் போய்க் கரையில் நின்றார். கப்பல்களை உள்ளே விடும் தண்ணீர்க் கதவு மூடியிருந்தது. பெரிய சரக்குக் கப்பல் ஒன்று வெளியே காத்திருந்தது. கதவைத் திறக்கிறவர் சின்ன அறையில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சொந்தமாக ஒரு படகுகூட இல்லை.

டெட்லெஃப் வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரலில் பெட்டியோடு வந்தார். இலவசப் புள்ளிகள் இல்லை. வழியில் நிற்கிற கப்பலும் இல்லை. பதிலாகத் துறைமுகத்துக்கு ஒரு கதவு வந்திருந்தது. யார் கடைசியில் இருக்கிறாரோ அவரிடம் கதவுச் சாவி இருக்கும். அடுத்து எந்தக் கப்பல் உள்ளே வரலாம் என்று அவர்தான் சொல்வார்.

“இன்றைக்கு நான் ஆடவில்லை. நின்று பார்க்கிறேன்” என்றார்.

வீப்கேயும் ஊவேயும் ஆன்ட்யேயும் ஆடினார்கள். இரண்டாவது சுற்றிலேயே ஊவே கடைசிக்குப் போய்விட்டார். சாவி அவர் கைக்கு வந்தது.

“ஊவே, என் கப்பலை விடு. இரண்டு மூட்டை சரக்கு தருகிறேன்” என்றார் ஆன்ட்யே.

“காலையில் என்னை என்ன சொன்னாய்?”

“அதை விடு. மூன்று மூட்டை.”

ஊவே நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கதவை வீப்கேக்குத் திறந்துவிட்டார். ஆன்ட்யே அவரை முறைத்தார். அதற்குப் பிறகு சாவி அவரிடம் இருந்த சுற்றுகளிலெல்லாம் இரண்டு பேரும் அவரிடம் பேரம் பேசினார்கள். அவர் தாராளமாக நேரம் எடுத்துக்கொண்டார். இடையில் சாவி இரண்டு முறை கைமாறியது. ஆனாலும் கடைசியில் தோற்றது ஊவேதான்.

டெட்லெஃப் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். கழுவினார். பதிப்பகம் பார்க்கப்போவது இன்னும் ஒரே ஒரு முறை.

திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டார் போய்விட்டிருந்தார்கள். மேசை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. வீப்கே ஜன்னலருகே நின்றிருந்தார்.

“யார் ஜெயித்தது என்று கவனிக்கவே மறந்துவிட்டேன்” என்றார் டெட்லெஃப். பிறகு தயங்கிக் கேட்டார்: “நாளைக்கு இதைப் பதிப்பகத்துக்கு அனுப்பலாமா?”

“நாளைக்கு முடியாது” என்றார் வீப்கே. “பெட்டியை ஊவே வீட்டில் ஆட எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை தருகிறாராம்.”