மயிலையின் மணி

நாடும் காடும் அடுத்தடுத்துக் கிடந்த காலத்தில் ஒரு ராஜா இருந்தார். கேட்க வந்தவர்களே, அந்த ராஜாவுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. அவர் பெயருக்கு மட்டும் கொஞ்சம் வேலை உண்டு. அதையும் அவரைக் கேட்காமல்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நாட்டு மலையடிவாரத்தில் அங்கம்மை என்று ஓர் இடைச்சி இருந்தாள். அவளுக்கும் புருஷன் வீரணனுக்கும் சொத்தென்று இருந்தது ஒரு மந்தைதான். மந்தைக்கு முன்னால் நடப்பது மயிலை என்னும் பசு. அதன் கழுத்தில் ஒரு வெண்கல மணி. மணி போன பக்கம் மந்தை போகும். மணி நின்றால் மந்தை நிற்கும். மணி திரும்பினால் மந்தை வீடு திரும்பும்.

மாட்டுப் பொங்கலுக்கு முந்தின நாள். வீரணன் புதுக் கயிறு வாங்கச் சந்தைக்குப் போயிருந்தான். அங்கம்மை மயிலையின் கொம்புக்குக் காவி பூசிக்கொண்டிருந்தாள். புளியும் சாம்பலும் சுமந்து ஒருவன் வந்தான்.

"ராஜா உத்தரவு, தங்கச்சி. மந்தைக்கு முன்னால போற மாட்டுக்கெல்லாம் மணி துலக்கித் தரணுமாம். காசு வேண்டாம். பளபளப்பா இருக்கிற மணிக்கு அரண்மனையில இருந்து பட்டு மாலை வருது. ஆனா இன்னைக்கு மட்டுந்தான். பொழுது சாஞ்சா கிடையாது."

பட்டு மாலை போட்ட மயிலையை அங்கம்மை மனத்துக்குள் ஒரு தரம் பார்த்தாள். மணியை அவிழ்த்துக் கொடுத்தாள்.

"மாட்டுக்குப் பேரு என்ன? மணியில பொறிச்சுத் தர்றேன்."

"மயிலைண்ணே."

"அந்தியில எங்க மேயும்? மாலை கொண்டு வர்றவர் தேடி அலையக் கூடாது பாரு."

"ஓடைக்கரைச் சரிவுலண்ணே."

"மாலை போடும்போது மிரண்டா? நீ எப்படிக் கூப்பிடுவ?"

இங்கேதான் அங்கம்மை தயங்கினாள். மயிலை தாயை இழந்த கன்று. ஈன்ற அன்றே தாய் செத்துப்போக, அங்கம்மைதான் கஞ்சி ஊட்டி, மடியில் கிடத்தி, ஒரு தாலாட்டுக் கட்டிப் பாடி வளர்த்தாள். இன்றும் பால் கறக்கும்போது அதை முணுமுணுப்பாள். வேற்று ஆணுக்கு முன் அதைப் பாடுவதா?

"பேர் சொன்னா வந்துரும்ணே" என்றாள்.

அவளுடைய புத்திக்கூர்மை என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனால் உண்மையில் அது வெட்கம்.

அவன் மணியோடு போனான்; அவளும் மந்தையைச் சரிவில் மேய விட்டு வீடு திரும்பினாள். பொழுது சாய்ந்தது. பட்டு மாலையும் வரவில்லை, மணியும் வரவில்லை. வீரணன் தோளில் கயிற்றோடு வந்தான். "மணியை யார்கிட்ட கொடுத்த?" என்றான். அவள் பதில் சொல்லுமுன் மணி ஒலித்தது. வீட்டுப் பக்கமிருந்து அல்ல, மலைக் கணவாய்ப் பக்கமிருந்து.

இருவரும் சரிவுக்கு ஓடினார்கள். மந்தை வரிசையாகக் கணவாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மணி வாங்கிப் போனவன் பாறைமேல் நின்று அதை ஆட்டினான். "மயிலே, வா! மயிலே, வா!" என்றான். மணிக்கு மந்தை நடந்தது. பெயருக்கு மயிலை நடந்தது. கணவாய்க்கு அப்பால் அடர்ந்த காடு. போனால் போனதுதான்.

"மயிலே!" என்று அங்கம்மையும் கத்தினாள். அவனும் அதே பெயரைக் கத்தினான். மயிலை காதை இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு, மணி இருந்த பக்கமே நடந்தது. பாவம், அது என்ன செய்யும்? அவனிடம் மணியும் இருந்தது, பெயரும் இருந்தது. இரண்டும் இவள் கொடுத்தவை.

அங்கம்மை இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள். சத்தம் கேட்டு வந்த ஊரே பின்னால் நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உடைந்த குரலில் பாடினாள்:

"தாயில்லாப் பிள்ளைக்குத்
தவிடு வச்சேன், வா...
தனியா நிக்கிற கண்ணுக்கு
மடி விரிச்சேன், வா..."

மயிலை நின்றது. திரும்பியது. அடிவயிற்றிலிருந்து "ம்மா" என்றது. மற்ற மாடுகள் அந்தக் குரல் கேட்டுத் தலை தூக்கின. ஒன்று திரும்பியது. பிறகு எல்லாமே திரும்பின. திருடன் மணியை உலுக்கு உலுக்கென்று உலுக்கினான். அதை இப்போது யாரும் மதிக்கவில்லை. வீரணன் புதுக் கயிற்றோடு பாறை ஏறுவதைப் பார்த்ததும், மணியைப் போட்டுவிட்டு ஓடியே போனான்.

மயிலை வந்து அங்கம்மையின் முகத்தை நக்கியது. கொம்புக் காவி அவள் கன்னமெல்லாம் ஒட்டிக்கொண்டது.

"இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு தரம் பாடிக் காட்டல நீ" என்றான் வீரணன்.

"நீ என்ன, தொலைஞ்சா போன?" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மறுநாள் அந்த ஊரில் அவரவர் வாசலில் அவரவரே மணி துலக்கினார்கள். அங்கம்மையின் மணி சுமாராகத்தான் பளபளத்தது. அவள் அதை மயிலையின் கழுத்தில் கட்டி, முடிச்சை ஒரு தரம் இழுத்தும் பார்த்துக்கொண்டாள்.

கதையின் நீதி இது: பண்டிகை நாளில் பரிசைக் காட்டி அவசரப்படுத்துகிறவன் யார் பெயரைச் சொல்லி வந்தாலும், உன்னுடையவர்கள் உன்னை அறிந்துகொள்ளும் அடையாளத்தை அவன் கையில் கொடுக்காதே.