கடல் ஒதுக்கியதெல்லாம் அரசருக்கு

அந்த மனிதர் இன்னும் ஈரத் துணியோடு நிற்கிறாரே, யாராவது ஒரு மாற்று வேட்டி கொடுக்கக் கூடாதா? நான் இப்போது ஏதாவது வேடிக்கை சொன்னால் அரசர் சிரிப்பார். சிரித்துவிட்டு, சொன்ன தீர்ப்பை மாற்றாமலே சாப்பிடப் போய்விடுவார். சிரிப்பு சில நேரம் கதவைத் திறக்கிறது. சில நேரம் நம் முகத்துக்கு நேரே சாத்திவிடுகிறது.

இப்படி நினைத்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றவள் பெயர் ஆவுடையாள். முன்னொரு காலத்தில், கடலை ஒட்டியிருந்த ஒரு நாட்டின் அரசவையில் விகடம் சொல்லிப் பிழைத்தவள் அவள்.

அந்த நாட்டு அரசர் கெட்டவர் இல்லை. அடுத்தவர் வீட்டில் ஒன்றைப் பார்த்தால் தனக்கும் அது வேண்டும் என்று நினைப்பவர், அவ்வளவுதான். பக்கத்து நாட்டு மயில் வேண்டும் என்றார், வந்தது. மேற்கு நாட்டுக் குதிரை வேண்டும் என்றார், அதுவும் வந்தது. ஒருநாள் அவருக்குச் சட்டத்தின்மேல் ஆசை வந்தது.

"பெரிய ராஜ்யங்களில் இருக்கும் சட்டங்களெல்லாம் நம்மிடம் ஏன் இல்லை?" என்று கேட்டார்.

நீதி அமைச்சர் வில்லவராயர் உடனே கப்பலேறினார். நாடு நாடாகப் போய், அரசவை அரசவையாக உட்கார்ந்து கேட்டுவிட்டுத் திரும்பினார். கொண்டுவந்ததில் அரசருக்கு மிகவும் பிடித்தது ஒன்று: உடைந்த கப்பலிலிருந்தோ வேறெங்கிருந்தோ கடல் எதைக் கரையில் ஒதுக்கினாலும் அது அரசருடைய உடைமை.

"வடக்கே இருக்கிறது, மேற்கே இருக்கிறது, கடல் தாண்டியும் இருக்கிறது, அரசே," என்றார் வில்லவராயர். "குளிர் தேசத்துக் கப்பற்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. கொடி நட்ட கரையே தங்களுடையது என்கிறார்கள்."

"நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம்," என்றார் அரசர் பெருந்தன்மையாக. "இது போதும்."

சட்டம் வந்த ஒரு வாரத்தில், மாலுமிகளின் தலைவரான சுலைமான் நாகுதாவின் கப்பல் பாறையில் மோதி உடைந்தது. அவரும் மாலுமிகளும் பலகைகளைப் பிடித்துக்கொண்டு கரையேறினார்கள். பின்னாலேயே பட்டு மூட்டைகளும் கற்பூரப் பெட்டிகளும் ஒதுங்கின. சட்டப்படி பார்த்தால் மூட்டைகளும் கடல் ஒதுக்கியவை, மனிதர்களும் கடல் ஒதுக்கியவர்கள். ஆகவே நாகுதாவும் அவர் ஆட்களும் இனி அரசரின் அடிமைகள். பௌர்ணமி கழிந்ததும் உப்பளத்துக்குப் போக வேண்டும். இதைத்தான் வில்லவராயர் அப்போது சொல்லி முடித்திருந்தார்.

"என்ன ஆவுடை, இன்று உன்னிடம் சரக்கு இல்லையா?" என்றார் அரசர்.

"யோசிக்கிறேன், அரசே."

வில்லவராயர் அதற்காகவே காத்திருந்தவர். தாம் மூன்று நாழிகை பேசியதை இவள் மூன்று சொல்லில் கவிழ்ப்பதை அவர் பல வருடமாகப் பொறுத்துக்கொண்டிருந்தார். "அம்மணி சும்மா நிற்பானேன்? கரைக் காவல் பொறுப்பை இவரிடமே கொடுக்கலாம், அரசே. கடல் ஒதுக்குவதை ஒரு துரும்பு விடாமல் கருவூலத்தில் சேர்க்கட்டும். ஒரு துரும்பு குறைந்தாலும் அதன்பிறகு இந்த அவையில் வாய் திறக்கக் கூடாது."

அரசருக்கு அது நல்ல வேடிக்கையாகப் பட்டது. "சம்மதமா?"

ஆவுடையாளுக்குப் பயமாகத்தான் இருந்தது. பேச்சைத் தவிர அவளிடம் வேறு நிலபுலன் கிடையாது. மறுத்துவிடலாம், மறுத்தால் தன் இடம் பத்திரம். நாகுதாவின் வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் ஒரு சின்னக் குட்டை கட்டியிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே, "சம்மதம். ஒரு துரும்பு விடாமல்," என்றாள்.

மறுநாள் விடிந்ததும் கடற்கரைக்குப் போனாள். மீனவர்களின் தலைவர் பட்டங்கட்டி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவளையும் பின்னால் வந்த வண்டிகளையும் பார்த்தார்.

"என்ன தாயி, கரையவே பேத்துக்கிட்டுப் போகப் போறியளா?"

"ஆமாம் அண்ணாச்சி. கடல் தள்ளினது எல்லாம் வேணும்."

"எல்லாமுன்னா? இந்தப் பாசியுமா? நாறுமே!"

"பாசியும் வேணும்."

"சொறிமீனு கெடக்கு. தொட்டா கையி அரிச்சே செத்துருவீய."

"அதையும் அள்ளச் சொல்லுங்க. அது ராசா சொத்து, பாத்து அள்ளணும்."

பட்டங்கட்டி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாக அவர் மீசை அசைந்தது. "அப்பிடின்னா தெக்க வாங்க. முந்தாநேத்து ஒண்ணு ஒதுங்கிருக்கு. நாங்க மூக்கப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கமே போறதில்ல."

தெற்கே ஒரு செத்த திமிங்கிலம் கிடந்தது. வயிறு ஊதி, ஒரு சின்னக் குன்று போல.

அன்று முழுவதும் வண்டிகள் கருவூலத்துக்குப் போய்க்கொண்டே இருந்தன. பாசி, சொறிமீன், கணவாய் ஓடு, அறுந்த கயிறு, செத்த ஆமை. அதற்குப் பின்னால், துண்டு துண்டாக, திமிங்கிலம். அரண்மனைக் காளைகள் பாதி வழியில் நின்றுவிட்டதால் மீனவர்களே வண்டியை இழுத்தார்கள். இப்படி ஒரு வேலையை அவர்கள் இவ்வளவு சந்தோஷமாகச் செய்ததில்லை. அவர்களும் கடல் ஒதுக்கியவர்கள்தானே என்று, கடைசி வண்டியில் நாகுதாவையும் மாலுமிகளையும் ஏற்றிக் கொண்டுபோய், கருவூல வாசலில் இறக்கினாள் ஆவுடையாள். சட்டத்தைக் கொண்டுவந்தவர் என்பதால் ஒவ்வொன்றையும் வில்லவராயர்தான் நேரில் நின்று ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. திமிங்கிலத்தின் குடல் வந்தபோது அவர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் பகலில் நாற்றம் அரசரின் சாப்பாட்டு இலைவரை வந்துவிட்டது. மூக்கில் துணியைப் பொத்தியபடி அவர் கருவூல வாசலுக்கே இறங்கி வந்தார்.

"என்ன கண்றாவி இது?"

"தங்கள் உடைமை, அரசே," என்றாள் ஆவுடையாள்.

"பெறுமானமுள்ள பொருளைத்தான் அரசே சட்டம் சொல்கிறது…" என்று வில்லவராயர் தொடங்கினார்.

"துரும்பு விடாமல் என்றீர்களே, ஐயா. துரும்புக்கு என்ன பெறுமானம்?"

"கடலில் தூக்கி எறியுங்கள்!" என்று கத்தினார் அரசர்.

"எறிந்துவிடலாம். ஆனால் சாயங்காலமே அலை திருப்பிக் கொண்டுவரும், அரசே. மறுபடியும் தங்களுடையதாகிவிடும்."

அரசர் வாயைத் திறந்தார், நாற்றம் தாங்காமல் மூடிக்கொண்டார். "மற்ற நாட்டு அரசர்கள் இதை எப்படித்தான் சமாளிக்கிறார்கள்?"

ஆவுடையாள் நாகுதாவைத் திரும்பிப் பார்த்தாள். "பல துறைமுகத்தில் கரையேறியவர் அவர். அவரைக் கேளுங்கள்."

"சொல்லலாமா, ராசா?" என்றார் நாகுதா. "இந்தச் சட்டம் பல ஊரில் உண்டு. ஆனா எங்கேயும் இத்தோட முடியாது. ஒரு குளிர் நாட்டில் கப்பலிலிருந்து ஒரு பூனை உயிரோட கரையேறினாப் போதும், அந்தக் கப்பலும் சரக்கும் அநாதைச் சொத்து இல்லை, உடையவனுக்கே சேரும். இன்னொரு நாட்டில் சரக்கை எடுக்கிற அரசர்தான் பிழைச்சவனுக்குச் சோறு போட்டு ஊருக்கு அனுப்பணும், செத்தவனை அடக்கணும். மேற்கே ஒரு அரசர் இப்படிப் பிடுங்கிப் பார்த்தார். கப்பல் வரவே நின்னுபோச்சு, அவரே சட்டத்தை நீக்கிட்டார். இத்தனை பேர் உயிரோட நிக்கிறோம், ராசா. நாங்க ஒரு பூனைக்குக்கூடத் தேற மாட்டோமா?"

அரசர் வில்லவராயர் பக்கம் திரும்பினார். "இதையெல்லாம் நீர் கேட்கவில்லையா?"

வில்லவராயர் நெளிந்தார். "எந்த அவையிலும் ஆணையின் முற்பகுதியை வாசித்ததும் தாம்பூலம் கொடுத்துவிடுகிறார்கள், அரசே. தாம்பூலம் வாங்கிய பிறகும் உட்கார்ந்திருப்பது மரியாதையா? எழுந்து வந்துவிட்டேன்."

"எல்லா நாட்டிலுமா?"

"எல்லா நாட்டிலும்."

அரசருக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு மூக்கைப் பொத்தியிருந்த துணி கீழே விழுந்தது. நாற்றத்தையும் மறந்து, படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "வெற்றிலைக்கு முந்திய பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாரா என் அமைச்சர்!" வில்லவராயர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்காக ஆவுடையாளுக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. தான் வருந்துவதை அவர் விரும்ப மாட்டார் என்பதும் தெரிந்தது.

நாகுதாவும் மாலுமிகளும் அப்போதே விடுதலையானார்கள், சரக்கை எடுத்துப்போகவும் அனுமதி கிடைத்தது. அரசர் தன் கழுத்து முத்துவடத்தைக் கழற்றி ஆவுடையாளிடம் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் பார்வை உள்ளே அடுக்கியிருந்த பட்டு மூட்டைகளின்மேல் தங்கியது.

"ஆவுடை," என்றார் குரலைத் தாழ்த்தி. "சட்டத்தில் தவறில்லை, சொன்ன விதத்தில்தான் தவறு. பட்டும் கற்பூரமும் எனக்கு வர வேண்டும். இந்த நாற்றமும் சோறு போடும் பாரமும் வரக் கூடாது. அப்படி ஓட்டையில்லாமல் ஒரு வரி சொல். உன்னைவிட்டால் யாரால் முடியும்?"

மூட்டையைத் தூக்கக் குனிந்த நாகுதா அப்படியே நின்றார்.

ஆவுடையாளுக்கு அந்த வரி உடனே தோன்றிவிட்டது. முழுதாக, கச்சிதமாக, யாரும் கவிழ்க்க முடியாததாக. அது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று ஒரு கணம் அவளே ரசித்தாள். இதைச் சொன்னால் இந்த அவையில் இனி யாரும் தன்னை அசைக்க முடியாது என்றும் தோன்றியது. தன் மனம் இதைக்கூட இத்தனை சுலபமாகச் செய்துவிடுகிறதே என்று கூச்சமாக இருந்தது.

"என்ன, வரவில்லையா?" என்றார் அரசர்.

"வந்துவிட்டது, அரசே," என்றாள் அவள் மெதுவாக. "சொல்ல மாட்டேன்."